தூக்கிப் பார்த்து வாங்கிய மோட்டார்கள்

எங்கள் பக்கம் மோட்டார் வாங்கப் போகிறவன் முதலில் செய்யும் வேலை, அதைத் தூக்கிப் பார்ப்பது. பம்புசெட் கடையில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்து, மோட்டாரைத் தரையிலிருந்து ஒரு சாண் தூக்கி, திரும்ப வைத்துவிட்டு, "கனம் பத்தலியே" என்பான். கனமாக இருந்தால் உள்ளே காப்பர் நிறைய இருக்கிறது என்று அர்த்தம். கனமில்லை என்றால் கடைக்காரன் ஏமாற்றுகிறான். அதோடு, ஐந்து எச்பி போதும் என்று தெரிந்தாலும் ஏழரைதான் வாங்குவான். கோடையில் தண்ணீர் கீழே போகும், வோல்டேஜ் இறங்கும், அப்போது மோட்டார் திணறக் கூடாது. பம்புசெட்டுக்கு இந்தக் கணக்கு சரி. நான் குறை சொல்ல மாட்டேன்.

என் வீட்டுக்காரர் இதே கணக்கை வைத்துக்கொண்டு போய் சிஎன்சி மெஷினுக்கு மோட்டார் வாங்கினார். அதைத்தான் குறை சொல்கிறேன். இன்றைக்கும் சொல்கிறேன்.

அவர் கல்யாணமான கொஞ்ச நாளிலேயே மஸ்கட் போனவர். அங்கே ஒரு மரச்சாமான் கம்பெனியில் சிஎன்சி மெஷின் ஓட்டினார். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை லீவு. வந்த களைப்பு தீருவதற்குள் திரும்பப் பெட்டி கட்ட வேண்டும். நான் சண்டைக்காரி. லீவில் வருகிற மனுஷனோடு ஒழுங்காகச் சண்டை போட்டு முடிக்கக்கூட நாள் பத்தாது. பாதிச் சண்டையில் விமானம் ஏறிவிடுவார். மீதியை போனில் போட வேண்டும். போனில் போடுகிற சண்டையில் ருசியே கிடையாது.

நான் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படித்தவள். திருக்காட்டுப்பள்ளியில் எங்கள் வீட்டு முன்னறையில் இன்வர்ட்டர், ஸ்டெபிலைசர் ரிப்பேர் பார்க்கிறேன். நான் சொல்வது மின்வெட்டு தலைவிரித்து ஆடிய வருஷங்கள். ஊரில் எல்லார் வீட்டிலும் இன்வர்ட்டர் வந்தது, எல்லார் வீட்டு இன்வர்ட்டரும் கெட்டது, எல்லாம் என்னிடம் வந்தது. என் வாய்க்குப் பயந்து பாதிப் பேர் பொருளை வாசலில் வைத்துவிட்டு, "அப்புறம் வர்றேன்க்கா" என்று தெருவில் நின்றே சொல்லிவிட்டுப் போவார்கள்.

அப்படி ஒரு தடவை லீவில் வந்தவர், வந்த மறுநாள் சாப்பிடும்போது சொன்னார்.

"நான் திரும்பப் போகாம இருந்தா என்ன?"

எனக்குக் கை நின்றுவிட்டது. ஆனால் வாய் நிற்கவில்லை. "போகாம இருந்து என்ன செய்வீங்க? குழம்புல உப்பு இருக்கான்னு சொல்லிக்கிட்டு உக்காந்திருப்பீங்களா?"

"மெஷின் கட்டுவேன். அங்க நான் பட்டன் தட்டுறவன். மெஷினு என்ன செய்யுது, எப்படிச் செய்யுதுன்னு வருசக்கணக்கா பார்த்துட்டேன். நம்மளே கட்டிடலாம். இங்க வீடு கட்டுற எல்லாரும் செதுக்குன கதவு கேக்குறான்."

அது உண்மை. சிங்கப்பூர், துபாய்ப் பணத்தில் எழும்பிய வீடுகளுக்கெல்லாம் வாசல் கதவில் கஜலட்சுமி வேண்டும். எங்களைப் போல வேதக்காரர்கள் வீடு என்றால் கடைசி இராவுணவு வேண்டும். கம்ப்யூட்டரில் படத்தைக் கொடுத்தால், சுழலும் பிட் ஒன்று மரத்தின் மேல் இடம் வலமாகவும், முன்னும் பின்னுமாகவும், மேலும் கீழுமாகவும் நகர்ந்து அதைச் செதுக்கிவிடும். அதுதான் சிஎன்சி மெஷின். ஒவ்வொரு போக்குக்கும் ஒரு மோட்டார்.

"கம்பெனி திரும்பிப் போக டிக்கெட்டு போட்டுக் குடுத்திருக்கு. அந்தத் தேதிக்குள்ள ஒரு கதவுப் பலகை ஒழுங்கா வந்துச்சுன்னா இருந்துடுறேன். வரலேன்னா போயிடுறேன்" என்றார்.

இருங்க என்று நான் சொல்லவில்லை. எனக்கு எல்லாம் சொல்ல வரும், அது மட்டும் வராது. "முதல்ல சாப்பிடுங்க" என்றேன்.

மாடு இல்லாமல் கிடந்த கொட்டகையைக் கழுவிவிட்டு, இரும்புக் குழாயில் சட்டம் பற்றவைத்தோம். பக்கத்து வீட்டுக்காரர் முதல் கதவு வேலையை எங்களுக்கே கொடுப்பதாகச் சொன்னார். ஊரில் அவரை மிராசுதார் என்பார்கள். மிராசு எல்லாம் அவர் தாத்தாவோடு போய்விட்டது. இப்போது நாலு வேலி அளவுக்குப் பேச்சும், துண்டாக ஒரு மா நிலமும், சிங்கப்பூரில் இரண்டு பிள்ளைகளும். அந்தப் பிள்ளைகள்தான் வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"கஜலட்சுமிதான் வேணும், தங்கச்சி. உங்களுக்கு ஆட்சேபணை ஒண்ணும் இல்லியே? வேதத்துல இருக்கிறவங்க..."

"மெஷினுக்கு இன்னும் ஞானஸ்நானம் குடுக்கலீங்க. அது யாரை வேணா செதுக்கும்" என்றேன்.

மோட்டாரில் இரண்டு ஜாதி. சர்வோ என்று ஒன்று. அது தான் எங்கே நிற்கிறோம் என்று திரும்பச் சொல்லிக்கொண்டே இருக்கும். இடம் தவறினால் அதுவே திருத்திக்கொள்ளும். ஸ்டெப்பர் என்று இன்னொன்று. அது அடியடியாக நகரும். நூறு அடி போ என்றால் போகும். நடுவில் இடறி நாலு அடி விட்டுவிட்டால் வாயைத் திறக்காது. எல்லாம் சரியாக இருக்கிறது என்று கம்ப்யூட்டர் நினைத்துக்கொண்டிருக்கும். எங்கள் வீட்டுக்காரரும் போனில் அப்படித்தான். காய்ச்சலில் கிடந்தாலும் நல்லா இருக்கேன் என்பார்.

சர்வோவின் விலை எங்களுக்கு எட்டவில்லை. ஸ்டெப்பர்தான் என்று முடிவு செய்தோம். அளவை நான் சொன்னேன். டம்ளர் அளவு மோட்டார் போதும். மரம்தானே செதுக்கப் போகிறோம். அதற்கேற்ற டிரைவர்களை நான் முன்பே திருச்சியில் வாங்கி வைத்திருந்தேன். டிரைவர் என்றால் வண்டி ஓட்டுகிறவர் இல்லை. கம்ப்யூட்டர் சொல்வதைக் கேட்டு மோட்டாரின் காயில்களுக்கு மாற்றி மாற்றி மின்சாரம் கொடுக்கிற சின்னப் பெட்டி. மோட்டாருக்கு ஒன்று வேண்டும்.

மோட்டார் வாங்க அவர் சென்னை போனார். திரும்பி வந்து பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆட்டோ வைத்து வீட்டுக்கு வந்தார். டம்ளர் அளவுப் பொருளுக்கு எதற்கு ஆட்டோ என்று அப்போதே எனக்குச் சந்தேகம் தட்டியது. சாக்கைப் பிரித்தால் சொம்பு. டம்ளர் இல்லை, சொம்பு. நல்ல கனத்த சொம்பாக மூன்று.

"நான் என்ன சொன்னேன், நீங்க என்ன வாங்கியிருக்கீங்க?"

"கடைக்காரன் ரெண்டையும் மேசையில வச்சான். தூக்கிப் பார்த்தேன். நீ சொன்னது கையில நிக்கவே இல்ல. பொம்மை மாதிரி இருந்துச்சு."

"தூக்கிப் பார்த்தீங்களா?"

"ஆமா."

"இது என்ன வாய்க்காக் கரையில வைக்கிற பம்புசெட்டாங்க? இல்ல சந்தையில ஆட்டுக்கெடாவா? இடுப்பு எலும்பைத் தடவிப் பார்த்தீங்களா, பல்லு பார்த்தீங்களா?"

"கொஞ்சம் பெரிசா இருந்தா என்ன குறைஞ்சுபோச்சு? சக்தி இருக்கும்ல?"

இவ்வளவு வருஷம் சிஎன்சி மெஷின் ஓட்டிய மனுஷன். ஆனால் மோட்டார் கடையில் கால் வைத்ததும், பம்புசெட் வாங்கப் போன அவர் அப்பாவாக மாறிவிட்டார். கழுதை, ரத்தத்தில் இருக்கிறது.

என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அதேதான் ஆனது. பெரிய மோட்டாரில் காயில் பெரியது. அதற்குள் மின்சாரம் ஏறவே நேரம் பிடிக்கும். மெதுவாகப் போகச் சொன்னால் யானை பலம். கையால் பிடித்து நிறுத்த முடியாது. அவர் அதைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "பார்த்தியா?" என்று என்னிடம் முகத்தைத் தூக்கினார். வேகத்தைக் கூட்டினேன். மின்சாரம் உள்ளே ஏறுவதற்குள் அடுத்த அடிக்கு உத்தரவு வந்துவிடும். மோட்டார் கீச்சென்று கத்தி, நின்ற இடத்தில் நடுங்கியது. என் டிரைவர்கள் கொடுத்த தீனி அதன் வாய்க்கே பத்தவில்லை.

"பார்த்தேன்" என்றேன்.

"உன் டிரைவர்ல கோளாறு."

"உங்க மோட்டார்ல கோளாறு."

"புது மோட்டாருங்கிறேன்."

"புது யானைக்குப் பூனைக்குட்டிக்கு ஊத்துற மாதிரி பால் ஊத்த முடியாதுங்க."

வேகத்தைக் குறைத்து, ஒரு வேப்பம் பலகையில் கஜலட்சுமியை வெட்டிப் பார்த்தோம். கீழிருந்து மேலாக வரி வரியாகச் செதுக்கிக்கொண்டு போனது. தாமரை அழகாக வந்தது. மடித்த கால், மடிப்பு மடிப்பாகச் சேலை, எல்லாம் வந்தது. எனக்கே மனசு இளகிவிட்டது. இடுப்புக்கு மேலே போகும்போது எங்கேயோ ஒரு கீச். ஒரு நொடிதான். பிறகு ஒன்றும் நடக்காத மாதிரி ஓடியது. அதுதான் ஸ்டெப்பரின் குணம் என்றேனே.

முடிந்ததும் தூளை ஊதிவிட்டுப் பார்த்தோம். இடுப்புக்கு மேல் எல்லாமே நாலு விரல் வலப்பக்கம் தள்ளியிருந்தது. மார்பு, கை, தலை, இரண்டு பக்கத்து யானை, எல்லாம் குடும்பத்தோடு நகர்ந்துவிட்டன.

மிராசுதார் சரியாக அந்த நேரத்துக்குத்தான் வந்தார். தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்துப் பார்த்தார்.

"தங்கச்சி, அம்மா எங்கியோ கெளம்புறாப்ல இருக்கு."

நான் தூளை இன்னொரு தடவை ஊதினேன்.

"இல்ல, நல்லாத்தான் இருக்கு. மொகத்துல களை இருக்கு. ஆனா வாசக் கதவுல லட்சுமி வெளிய கெளம்புற மாதிரி வைக்க முடியாது பாத்துக்க. உக்காரணும். நல்லா அசையாம உக்காரணும்."

"உக்காருவாங்க. நீங்க போயிட்டு வாங்க" என்றேன். என் குரலைக் கேட்டு அவர் காப்பிக்குக்கூட நிற்கவில்லை.

அன்று சாயங்காலம் பரணிலிருந்து அவருடைய பெட்டி கீழே இறங்கியிருந்தது. பெரிய நீலப் பெட்டி. கைப்பிடியில் பழைய விமானச் சீட்டுத் துண்டு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. 

"பெட்டிய எதுக்கு இறக்குனீங்க?"

"எலி கடிச்சிருக்கான்னு பார்த்தேன்."

"கடிச்சிருக்கா?"

"இல்ல."

"பெரிய வருத்தம்தான்."

அவர் சிரிக்கவில்லை. மஸ்கட்டிலிருந்து சூப்பர்வைசர் போன் செய்திருக்கிறார். மலையாளி. நல்ல மனுஷன்தான். டிக்கெட்டை உறுதி செய்யட்டுமா, இல்லை இடத்துக்கு வேறு ஆளைப் போடட்டுமா என்று கேட்டாராம். இவர், "ரெண்டு நாள் தாங்க சேட்டா" என்று சொல்லியிருக்கிறார்.

எனக்கு எல்லாக் கோபமும் அந்த மூன்று சொம்புகள் மேல் போனது. "நான் சொன்னதை வாங்கியிருந்தா இந்நேரம் ரெண்டு கதவு முடிஞ்சிருக்கும். ஒரு கதவு வெட்டிப் பார்க்க எதுக்குங்க இவ்வளவு பெரிய மோட்டாரு?"

அவர் பெட்டியின் மூடியைத் தட்டிக்கொண்டே இருந்தார்.

"ஒரு கதவுக்குன்னு யாரு சொன்னா? இன்னைக்கு வேப்பம் பலகை. நாளைக்குத் தேக்கு, கருங்காலின்னு வருவான். பின்னாடி அலுமினியம் வெட்டுறியாம்பான், கல்லு வெட்டுறியாம்பான். நீ சொன்ன சின்ன மோட்டாரு அப்ப திணறும். ஒரு பலகை வெட்டிக் காமிச்சுட்டு பிளேன் ஏறுறவன்னா நானும் சின்னதாத்தான் வாங்கியிருப்பேன்."

  எனக்கு எதிரே இருந்த ஆள், பம்புசெட்டுக்காரன் மாதிரி, வரப்போகிற கோடையையும் சேர்த்துக் கணக்குப் போட்டு மோட்டார் வாங்கியிருக்கிறார். வருஷக்கணக்கில் இங்கேயே உட்கார்ந்து ஓட்டப் போகிறவன்தான் அப்படி வாங்குவான். அது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அறிவு கெட்ட காரியம்தான். ஆனாலும் அதைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. என் வாழ்க்கையில் அது எத்தனை அபூர்வம் என்று திருக்காட்டுப்பள்ளியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

மறுநாள் காலையில் சென்னைக்கு போன் போட்டேன். சொம்புக்கு ஏற்ற பெரிய டிரைவர்கள் மூன்று பஸ் பார்சலில் அனுப்பச் சொன்னேன். மோட்டாரை மாற்ற வழியில்லை. அப்படியானால் தீனியை மாற்ற வேண்டும். பெரிய காயிலுக்குள் மின்சாரம் சீக்கிரம் ஏற வேண்டுமானால், வோல்டேஜ் பலமாகத் தள்ள வேண்டும். நான் முதலில் கொடுத்த வோல்டேஜ் போல மூன்று மடங்கு வேண்டும். அந்த அளவுக்கு சப்ளை பெட்டி கடையில் வாங்கப் போனால் வந்து சேர நாளாகும். என்னிடம் செத்துப்போன ஸ்டெபிலைசர்கள் ஒரு மூலை நிறையக் கிடந்தன. அதில் பெரியதாக ஒரு டிரான்ஸ்பார்மரைக் கழற்றி, பழைய சுற்றைப் பிரித்து, புதுக் கம்பி சுற்ற உட்கார்ந்தேன்.

அவர் எதிரே உட்கார்ந்து கம்பி உருளையைப் பிடித்துக்கொண்டார். அவர் சுற்றை எண்ண வேண்டும், நான் சுற்ற வேண்டும். நடுவில் மீன்காரி குரல் கேட்டு, "கெண்டையா?" என்று தெருவுக்குத் திரும்பினார். எண்ணிக்கை போயிற்று.

"எத்தனைங்க?"

"நாப்பத்தெட்டு. இல்ல, அம்பது."

"மஸ்கட்ல இப்படித்தான் வேலை பார்த்தீங்களா?"

"அங்க கெண்டை வராதுல்ல."

பிரித்து மறுபடி சுற்றினோம். கெண்டையும் வாங்கினோம்.

இன்னொன்றையும் நான் அப்போதே பார்க்க வேண்டியிருந்தது. கரண்ட் எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. நடுவில் போனால் ஸ்டெப்பருக்குத் தான் நின்ற இடம் மறந்துவிடும். மறுபடி அம்மா வெளியே கிளம்பிவிடுவாள். அதனால் கம்ப்யூட்டரையும் மோட்டார்களையும் இன்வர்ட்டரில் போட்டேன். பிட்டைச் சுழற்றுகிற ரௌட்டரை இன்வர்ட்டர் தாங்காது. அதை ஈபி லைனின் நேர் கரண்ட்டிலேயே விட்டேன். நடுவில் ஒரு ரிலே வைத்தேன். நேர் கரண்ட் போன நொடியே அது கம்ப்யூட்டருக்கு நில் என்று சொல்லிவிடும். பிட் நின்றுவிடும். மோட்டார்கள் இன்வர்ட்டர் உயிரில் அசையாமல் இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். கரண்ட் வந்ததும் ரௌட்டரை ஓடவிட்டு, விட்ட இடத்தில் தொடரலாம்.

அதற்கு நல்ல இன்வர்ட்டர் வேண்டும். எங்கள் வீட்டில் இருந்தது ஓட்டைச் சட்டி. அந்த வாரம் பங்குச் சாமியார் வீட்டு இன்வர்ட்டர் ரிப்பேருக்கு வந்து, சரியாகி, என் மேசையில் உட்கார்ந்திருந்தது. சரியாகத்தான் ஆகியிருக்கிறதா என்று சோதித்துப் பார்க்க வேண்டாமா. அதை மாட்டினேன்.

பார்சல் வந்து, எல்லாம் பூட்டி, காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு மெஷினைப் போட்டோம். வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினேன். போன தடவை கத்திய இடம் வந்தது. கத்தவில்லை. இன்னும் கூட்டினேன். நல்ல காளை மாதிரி, சத்தமில்லாமல் இழுத்துக்கொண்டு போனது. அவர் என்னைப் பார்த்தார். நான் மீட்டரைப் பார்த்தேன்.

இந்தத் தடவை அவர் வேப்பம் பலகை வைக்கவில்லை. மிராசுதார் கொடுத்திருந்த தேக்கையே வைத்துவிட்டார்.

"சோதிச்சுட்டு வைக்கலாம்ல?" என்றேன்.

"நீ சுத்துன டிரான்ஸ்பார்மரு" என்றார். பலகையை இன்னொரு தடவை நானே இறுக்கினேன்.

தாமரை வந்தது. சேலை வந்தது. இடுப்பு வந்தது. அந்த இடத்தில் கரண்ட் போயிற்று. தெருவே அடங்கிவிட்டது. ரௌட்டர் ஊளையிட்டு ஓய்ந்தது. ரிலே டக்கென்றது. மெஷின் நின்றது. மூன்று மோட்டார்களும் மட்டும் மெல்ல உறுமிக்கொண்டு, பிடித்த இடத்தைப் பிடித்தபடி இருந்தன. அவர் போய் ஒன்றைக் கையால் திருகிப் பார்த்தார். அசையவில்லை. அந்த விஷயத்தில் சொம்பு சொம்புதான்.

காப்பி போட்டுக் குடித்தோம். சாமியார் வீட்டு வேலையாள் வந்து, "இன்வர்ட்டர் ஆயிடுச்சாக்கா?" என்றான். "ஓடிட்டிருக்கு, சோதனையில இருக்கு" என்றேன். பொய் இல்லை.

கரண்ட் வந்தது. ரௌட்டரைப் போட்டு, பட்டனைத் தட்டினார். தோள் வந்தது. கழுத்து வந்தது. கழுத்து தோளின் மேலேயே இருந்தது. முகம் வரும்போது மிராசுதார் வந்துவிட்டார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, மரத்தூள் மீசையில் படிய, வரி வரியாகப் பார்த்துக்கொண்டு நின்றார். இரண்டு யானையும் இரண்டு பக்கமும் சரியாகத் தும்பிக்கையைத் தூக்கியதும் சொன்னார்.

"இப்ப உக்காந்துட்டா."

அப்போது இவருடைய போன் அடித்தது. மஸ்கட். மெஷின் சத்தத்தில் ஒரு காதைப் பொத்திக்கொண்டு பேசினார்.

"ஆமா சேட்டா. இல்ல சேட்டா, கேக்கல. மெஷின் ஓடிட்டிருக்கு. இல்ல, இங்க, என் வீட்டுல. நிறுத்த முடியாது. நீங்க வேற ஆளைப் போட்டுக்குங்க."

போனைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு, தூள் கூட்டுகிற துடைப்பத்தை எடுத்தார். என் பக்கம் திரும்பவில்லை. நல்லதாகப் போயிற்று. என் மூஞ்சி அப்போது பார்க்கிற மாதிரி இல்லை.

சொம்புகள் இன்றும் ஓடுகின்றன. தேக்கு வெட்டின, கருங்காலி வெட்டின, அலுமினியமும் வெட்டின. கல்லை மட்டும் யாரும் இதுவரை கேட்கவில்லை. மோட்டார்களின் கனத்தில் மெஷின் நகர்கிற தண்டின் பேரிங்குகள் தேய்ந்துகொண்டே இருக்கின்றன. ஒவ்வொரு தடவை மாற்றும்போதும் டம்ளர் அளவு போதும் என்று அன்றைக்கே சொன்னேன் என்பேன். அவர் ஸ்பேனரைக் கேட்பார். நான் கொடுக்காமல் சொல்லி முடிப்பேன். இப்போது பாதியில் விட்டுவிட்டுப் போக அவருக்கு விமானம் கிடையாது. முழுதாகக் கேட்டுவிட்டுத்தான் பேரிங்கை மாட்ட வேண்டும்.